மாடிப்படிக்குச் சொன்ன பதில்

பெரியவள் இரண்டு வேலை பார்த்தாள். ஒன்று, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பது. அதற்குச் சம்பளம் உண்டு, வார விடுப்பும் உண்டு. இன்னொன்று, மாடி வீட்டுக்காரியைப் பார்த்து வயிறு எரிவது. அதற்கு இரண்டும் கிடையாது. ஆனாலும் அந்த வேலைக்குத்தான் அவள் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

மாடி வீட்டுக்காரி வேறு யாரும் இல்லை, சொந்த ஓரகத்திதான். அண்ணனைக் கட்டியவள் கீழ் வீட்டில், தம்பியைக் கட்டியவள் மேல் வீட்டில். ஒருத்தியைப் பெரியவள் என்றும் மற்றவளைச் சின்னவள் என்றும் தெருவே கூப்பிட்டுப் பழகிவிட்டது. கூப்பிடுகிறவர்கள் கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்றும் பாடு பெரியவளுடையது. பெரியவள் என்றால் எதிலாவது பெரிதாக இருக்க வேண்டாமா?

மாடிக்குக் காற்று வந்தது, கீழே கொசு வந்தது. மாடியில் துவைத்துப் போட்டது மத்தியானத்துக்குள் காய்ந்து கலகலவென்று ஆடும். கீழே போட்டது சாயங்காலம் வரை சொட்டிக்கொண்டே இருக்கும். ஊர் நோயாளிகளுக்கெல்லாம் மொடமொடவென்று விரிப்பு மடித்துக் கொடுக்கிறவளுக்குத் தன் வீட்டுத் துண்டைத் தொட்டால் தவளையைத் தொட்ட மாதிரி இருந்தது. சின்னவள் குளிக்கும்போது பாடுவாள். நல்ல பாட்டு ஒன்றும் கிடையாது. ஆனாலும் அவள் புருஷன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பான். பெரியவளும் ஒரு நாள் சோதனைக்காகப் பாடிப் பார்த்தாள். "என்ன, குழாய்ல ஏதாவது அடைச்சிருக்கா?" என்று அவள் வீட்டுக்காரர் வெளியிலிருந்து கேட்டார்.

அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்து ஒரே வண்டி, அண்ணன் பேரில். வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குகிற வண்டி. அண்ணன் ஓட்டுவார், பேரம் பேசுவார், வாடிக்கைக்காரர் கொடுக்கிற டீயைக் குடிப்பார். தம்பி தூக்குவான். அண்ணனுக்கு இடுப்பில் பிடிப்பு. அகலமான பெல்ட் ஒன்றை எப்போதும் கட்டியிருப்பார். அது சட்டைக்குள் இருந்ததால், பார்க்கிறவர்களுக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிற முதலாளி மாதிரி தெரிவார். பெரியவள் அந்த பெல்ட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை. முக்கியமாக மாடிக்குத் தெரியும்படி துவைத்துப் போட்டதே இல்லை.

ஒரு நாள் சாயங்காலம், சலவைக்கூடத்திலிருந்து அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது, வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நல்ல சட்டை, பளபளவென்று ஷூ.

"உங்க வண்டியைப் பத்தி விசாரிக்கணும்மா" என்றார் ஒருவர்.

பெரிய இடத்து வாடகை போல என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். ஏதோ ஒரு கம்பெனியே இடம் மாறப் போகிறது, வண்டிக்காரர்கள் யோக்கியமா என்று பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள். சின்னவளும் சத்தம் கேட்டு மாடிப்படியில் பாதி தூரம் இறங்கி வந்து நின்றாள். தலைமுடி ஈரம். அந்த ஈரத்திலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தாள், சனியன்.

"வண்டியில என்ன ஏறுது, என்ன இறங்குதுன்னு உங்க வீட்டுக்காரர் பார்ப்பாராம்மா?" என்று அவர்கள் முதலில் சின்னவளைக் கேட்டார்கள்.

சின்னவள் சிரித்துவிட்டாள். "அவரா? அவருக்குச் சட்டை பட்டனை எந்த ஓட்டையில மாட்டறதுன்னே தெரியாதுங்க. தூக்குன்னா தூக்குவார், வைன்னா வைப்பார். உள்ள யானை இருந்தாலும் கேட்கமாட்டார்."

வந்தவர்களும் சிரித்தார்கள். அதுதான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. புருஷனை மட்டம் தட்டிக்கூட இவள் நல்ல பேர் வாங்கிவிடுகிறாளே!

அடுத்து இவளைக் கேட்டார்கள். பெரியவள் கழுத்தைக் கொஞ்சம் மாடிப்படிப் பக்கம் திருப்பி, குரலை ஏற்றிச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரர் கண்ணுல படாம ஒரு குண்டூசிகூட வண்டியில ஏறாதுங்க. ஒவ்வொண்ணையும் தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, அப்புறம்தான் ஏத்துவார். பொறுப்பெல்லாம் அவரோடதுதான். தம்பி சும்மா எடுபிடி."

நல்ல சட்டைக்காரர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எழுதுகிற வேகத்தைப் பார்த்துப் பெரியவளுக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதி முடித்து, மடித்து வைத்துவிட்டு, அவர் சொன்னார்: "நாங்க போதைப்பொருள் தடுப்புப் பிரிவு. மத்தியானம் சோதனைச் சாவடியில உங்க வண்டியைப் பிடிச்சிருக்கோம். ஒரு மெத்தைக்குள்ள பொட்டலம் பொட்டலமா இருந்துச்சு. ரெண்டு பேரும் எங்ககிட்டதான் இருக்காங்க."

மாடிப்படியில் சின்னவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெரியவள் நின்றுகொண்டேதான் இருந்தாள். உட்காரக்கூடத் தோன்றவில்லை.

மெத்தையை அனுப்பியவன் கொடுத்த முகவரியில் பூட்டிய கடை ஒன்று இருந்தது. அவன் எண்ணைக் கூப்பிட்டால் மணிகூட அடிக்கவில்லை.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வக்கீலைப் பிடித்தார்கள். குள்ளமான அம்மா. நீதிமன்றத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே நாற்காலி நடுங்கும். வக்கீலம்மா அந்த நடுக்கத்துக்கு ஏற்ப ஆடிக்கொண்டே பேசுவார்.

"இங்க பாருங்க. கொஞ்சமா வச்சிருந்து பிடிபட்டா ஜாமீன் கொடுக்கறது ஜட்ஜோட இஷ்டம், சீக்கிரம் கிடைச்சுடும். பிடிபட்டது பெரிய அளவுன்னா சட்டமே ஜட்ஜோட கையைப் பிடிச்சு நிறுத்திடும். கதவுக்கு ரெண்டு பூட்டு. இவர் இந்தத் தப்பைப் பண்ணியிருக்கமாட்டார்னு நம்ப நியாயமான காரணம் வேணும், அது ஒண்ணு. வெளிய விட்டா மறுபடி இந்த மாதிரி எதுலயும் இறங்கமாட்டார்னு தோணணும், அது இன்னொண்ணு. ரெண்டும் திறக்கணும். ஒண்ணு திறந்து ஒண்ணு திறக்கலேன்னா கதவு மூடினது மூடினதுதான்."

"தப்பு பண்ணினதை அவங்கதானே நிரூபிக்கணும்?" என்றாள் சின்னவள்.

"அது கேஸ் நடக்கும்போது. ஜாமீன் வாசல்ல நிக்கும்போது கொஞ்சம் பாரம் நம்ம தலையிலதான். மெத்தை வண்டியில இருந்தது உண்மை. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது. உள்ள என்ன இருந்துச்சுன்னு இவங்களுக்குத் தெரியுமா, அதுதான் கேள்வி. தெரிஞ்சு வச்சிருந்தா ஒரு கதை, தெரியாம ஏத்தியிருந்தா வேற கதை."

தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து என்று தான் அதிகாரிகளிடம் சொன்னதைப் பெரியவள் மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

இரண்டு மனுவும் ஒரே நாளில் வந்தன. நீதிமன்ற அறையில் மின்விசிறி ஒன்று கழுத்தை ஆட்டி ஆட்டிச் சுற்றியது. பெரியவள் பக்கம் வரும்போது மட்டும் சட்டென்று திரும்பிக்கொண்டது. ஜட்ஜ் ஒரு அம்மா. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு காகிதங்களைக் கண் பக்கத்தில் வைத்துப் படிப்பார்.

அரசு வக்கீல் எழுந்தார். முதலில் சின்னவள் சொன்னதை வாசித்தார். பட்டன், ஓட்டை, யானை. அறையில் யாரோ களுக்கென்றார்கள். அடுத்து, "முதல் எதிரியின் மனைவி சொன்னது" என்று ஆரம்பித்தார். முதல் எதிரி என்றால் அண்ணன். தொட்டுப் பார்த்து, தட்டிப் பார்த்து, குண்டூசிகூட, பொறுப்பெல்லாம், எடுபிடி. தன் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் இன்னொருத்தர் வாயில், அதுவும் கரகரத்த ஆம்பிளைக் குரலில் வருவதைக் கேட்டால் எப்படி இருக்கும்? பெரியவள் பெஞ்சுக்கு அடியில் போய்விடலாமா என்று பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில் யாரோ சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்கள்.

ஜட்ஜம்மா சொன்னார்: "ரெண்டாவது எதிரி சொன்னதைத் தூக்கற கூலியாள். உள்ள இருந்தது தெரிஞ்சிருக்கும்னு நினைக்க இப்போதைக்கு எதுவும் இல்லை. முன்னால வழக்கும் இல்லை. ஜாமீன் தரேன். முதல் எதிரி வண்டிக்குச் சொந்தக்காரர். ஒவ்வொண்ணையும் பரிசோதிச்சு ஏத்தறவர்னு அவர் வீட்லயே சொல்றாங்க. அப்படிப்பட்டவருக்குத் தெரியாதுன்னு நான் எப்படி நம்பறது? மனு தள்ளுபடி."

சின்னவள் பெரியவளின் கையைப் பிடித்தாள். பெரியவள் உருவிக்கொண்டாள்.

தம்பி வீடு வந்த அன்று மாடியில் மீன் வறுத்தார்கள். வாசம் படியிறங்கி வந்து கீழ் வீட்டில் சொந்த வீடு மாதிரி உட்கார்ந்துகொண்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் தலைக்கு மேல் இரண்டு ஜோடிக் கால்கள் நடந்தன. எது அவன் கால், எது அவள் கால் என்று பெரியவளுக்கு அத்துப்படி. இரண்டு ஜோடியும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் கரிந்துபோகும். அவள் காது மேலே போய்விடும். தட்டு ஒன்று கீழே விழுந்தது. உடனே இருவரும் சிரித்தார்கள். பெரியவள் வீட்டிலும் தட்டு விழுந்தது. எடுத்து வைத்தாள், அவ்வளவுதான்.

சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிக்கிறவள் ஒரு வாயாடி.

"என்னக்கா, விரிப்பை இந்த இழு இழுக்கறே? நோயாளி படுக்கறதுக்கா, நார் உரிக்கறதுக்கா?"

"அவ புருஷன் மட்டும் வெளிய வந்துட்டான்டி."

"வரட்டுமே. நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றாள் பெரியவள். மூலை பிசகி, விரிப்பு கோணலாக மடிந்தது.

சிறையில் பார்க்கப் போனபோது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர் பெல்ட் இல்லாமல் நின்றார். உள்ளே பெல்ட் கூடாதாம். ஒரு பக்கம் சாய்ந்து நின்றார். வாயைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "தம்பி எப்படி இருக்கான்? தூங்கறானா? இங்க இருந்தவரைக்கும் தூங்கவே இல்லை, பாவம்."

பெரியவளுக்கு எரிந்தது. "என்னைக் கேளுங்க. நான் தூங்கறேனான்னு கேளுங்க."

"நீ தூங்கமாட்டேன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். வலையை விரலால் தடவினார். "கோர்ட்ல நீ சொன்னதை வாசிச்சாங்களே..."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நான் என்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்? டீ டம்ளரைத் தவிர? ஆனா கேட்கறப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. இப்படி ஒரு ஆளா நீ என்னை நினைச்சுட்டிருக்கேன்னு." சிரிக்கப் பார்த்தார், இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்கு நான் வண்டியை விட்டே இறங்கல. அந்த ஆளோட ஒருத்தன் ஒரு முனை, தம்பி ஒரு முனை, ரெண்டு பேரும்தான் மெத்தையை ஏத்தினாங்க. இதை எங்கயும் சொல்லி வைக்காதே. அவன் மறுபடி உள்ள வந்தா தாங்கமாட்டான்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது பெரியவளின் கால் தரையில் இல்லை. மெத்தையைத் தூக்கியவன் தம்பி. அதை மட்டும் சொன்னால் போதும். மேலே ஒரு ஜோடிக் கால் குறையும், கீழே ஒரு ஜோடி கூடும். அந்தக் கணக்கு அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பஸ் வந்து, நின்று, அவளை ஏற்றாமல் போனது. அவள் கவனிக்கவில்லை.

வக்கீலம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டாள்: "அவளுக்குக் கிடைச்சுது, எனக்குக் கிடைக்கலையே. இதை யார்கிட்டப் போய்க் கேட்கறது?"

"ஜட்ஜ்கிட்டதான்" என்றார் வக்கீலம்மா. "சட்டத்துல அதுக்கு இடம் இருக்கு. ஒரே கேஸ், ஒரே வண்டி, ஒரே மெத்தை. ஒருத்தருக்கு ஜாமீன் கொடுத்தா, அதே நிலைமையில இருக்கற இன்னொருத்தருக்கும் கொடுக்கணும்னு கேட்கலாம்."

பெரியவளின் முகம் மலர்ந்தது. தன் வயிற்றெரிச்சலுக்குச் சட்டப் புத்தகத்தில் நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களே! இது தெரியாமல் இத்தனை வருஷம் சும்மா எரிந்துகொண்டிருந்தோமே!

"ஆனா ஒண்ணு" என்றார் வக்கீலம்மா. கீழே மெஷின் ஓட, நாற்காலி நடுங்கியது. "ரெண்டு பேரும் சமம்னு காட்டணும். அண்ணனும் தம்பியும் ஒண்ணுதான், ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியாதுன்னு. நீங்கதான் அவர் ஒசத்தி, தம்பி மட்டம்னு சொல்லி வச்சிருக்கீங்க. அதை நீங்களே வந்து, நான் பீத்திக்கிட்டேன்னு சத்தியம் பண்ணிச் சொல்லணும். உங்க வீட்டுக்காரர் எதையும் பார்க்கறவர் இல்லைன்னு."

"எல்லார் எதிர்லயுமா?"

"எல்லார் எதிர்லயும்."

"அவளும் இருப்பாளா?"

"யாரு?"

பெரியவள் பேச்சை மாற்றினாள்: "மெத்தையைத் தூக்கினது தம்பின்னு சொன்னா?"

வக்கீலம்மா ஆடுவதை நிறுத்தினார். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "நீங்க பார்த்தீங்களா?"

"இல்லை. நான் வேலையில இருந்தேன். இவர் சொன்னார்."

"பார்க்காததைச் சத்தியத்துல சொல்லக் கூடாது. தெரிஞ்சதை மட்டும் சொல்லுங்க. அதைக் கிளப்பினா அரசுத் தரப்பு உடனே தம்பியோட ஜாமீனை ரத்து பண்ணச் சொல்லும். அப்புறம் உங்க ஓரகத்திக்கு நான் வக்கீலா இருக்க முடியாது, உங்களுக்கும் இருக்க முடியாது. ஒருத்தரை வெளிய இழுக்க இன்னொருத்தரை உள்ள தள்ளறதுன்னா வேற ஆளைப் பாருங்க."

அடுத்த நாள் சாயங்காலம் சின்னவள் கீழே வந்தாள். வாசலைத் தாண்டவில்லை. முடி சீவியிருக்கவில்லை. அவள் புருஷன் எல்லாம் சொல்லியிருக்க வேண்டும்.

"அக்கா."

"என்ன?"

"அவர்தான் தூக்கினார். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சொல்லப் போறீங்களா?"

பெரியவள் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சின்னவளின் முகத்தில் பயம். இந்த முகத்தைப் பார்க்கத்தானே இத்தனை வருஷமாகக் கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்! கொஞ்சம் நன்றாக, நிதானமாகப் பார்க்கலாம் என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்த முகம் ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஜாமீன் கிடைக்காத அன்று கண்ணாடியில் தான் பார்த்த அதே முகம். தன் மூஞ்சியைப் பார்த்து யாராவது வயிறு எரிவார்களா?

"போடி, போய்த் தலையைச் சீவு" என்றாள். "பேய் மாதிரி நிக்கறே."

சொல்லப் போகிறாளா இல்லையா என்று அதில் தெரியவில்லை. சின்னவள் படியேறிப் போனாள். பெரியவளும் வேண்டுமென்றேதான் தெளிவாகச் சொல்லவில்லை. ஒரு ராத்திரியாவது மாடியில் தூக்கம் கெடட்டும்.

இரண்டாவது மனு வந்த நாளில் பெரியவள் வெளுத்து மடித்த சேலை உடுத்திக்கொண்டு போனாள். வக்கீலம்மா எழுந்து, ஒரே வண்டி ஒரே மெத்தை என்று ஆரம்பித்தார். ஜட்ஜம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இவங்க சொன்னதை வச்சுத்தானே போன தடவை தள்ளுபடி பண்ணினேன்? இப்போ அது பொய்ன்னா எதை நம்பறது?"

"அன்னைக்கு இவங்க அதிகாரிக்குப் பதில் சொல்லலைங்க. மாடிப்படிக்குப் பதில் சொன்னாங்க. அங்க இவங்க ஓரகத்தி நின்னுட்டிருந்தாங்க" என்றார் வக்கீலம்மா.

ஜட்ஜம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டு பெரியவளைப் பார்த்தார். "இங்க வாங்கம்மா. நீங்களே சொல்லுங்க."

பெரியவள் போய் நின்றாள். பின்னால் மூன்றாவது பெஞ்சில் சின்னவள். முதுகில் அந்தப் பார்வை சூடு போட்டது. இத்தனை நாள் பெல்ட்டைக்கூட உள்ளேயே காயப்போட்டுக் காப்பாற்றிய மானம்.

"எங்க வீட்டுக்காரர் எதையும் பார்க்கமாட்டார்ங்க. இடுப்பு வலி. பெல்ட் கட்டியிருப்பார். வண்டியை விட்டு இறங்கறதே பெரும்பாடு, உட்கார்ந்த இடத்துலயே டீ குடிப்பார். சாமானுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. வீட்ல பீரோ எது, ஃபிரிட்ஜ் எதுன்னு திறந்து பார்த்துத்தான் தெரிஞ்சுக்குவார். அவ புருஷனைப் பத்தி அவ சிரிச்சுப் பேசினா, எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குப் பொறுக்கல. அதான் என் புருஷன் ஒசத்தின்னு சொன்னேன். ஒசத்தியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. சாதாரண ஆளு."

அவள் முந்தானையை இழுத்துச் சரி பண்ணிக்கொண்டாள்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார். "அவர் இறங்கவே மாட்டார்னா மெத்தையை ஏத்தினது யாரு? தம்பியா?"

மின்விசிறி சரியாக அந்த நேரம் பார்த்துப் பெரியவள் பக்கம் திரும்பியது. ஆமாம் என்ற ஒரு சொல் நாக்கின் நுனியில் தித்தித்தது.

"நான் பார்க்கலைங்க" என்றாள். "நான் வேலையில இருந்தேன். பார்க்காததைச் சொல்லமாட்டேன்."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் என்று யாராவது சொல்வார்கள் என்று அரை நொடி காத்திருந்தாள். அதற்குள் மூன்றாவது பெஞ்சில் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"எங்க வீட்டுக்காரர்தாங்க தூக்கினார்" என்றாள் சின்னவள். வக்கீலம்மா உட்காரும்படி சைகை காட்டினார். அவள் பார்க்கவில்லை. "ஒரு முனை அவர், ஒரு முனை அந்த ஆளோட ஆள். அவரே சொன்னார்."

"கனம் வித்தியாசமா இருந்திருக்குமே, சந்தேகம் வரலையா?" என்றார் அரசு வக்கீல், பாய்கிற குரலில்.

"அவருக்கு எல்லாமே கனம்தாங்க. தலையணையை எடுத்து வச்சாலே மூச்சு வாங்குவார். கனமா இருக்குன்னு சந்தேகப்பட்டா, தினமும் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போகணும்."

அறை சிரித்தது. ஜட்ஜம்மாவும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். பெரியவளுக்கு ரத்தம் கொதித்தது. நாக்கைக் கடித்துப் பெரிய தியாகம் செய்தவள் இவள். வந்து எழுந்து நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டு போகிறவள் அவள். இங்கேயுமா!

ஜட்ஜம்மா காகிதங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் நிறுத்தினார். அரசு வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: "மெத்தை உறை தச்சு, மேல பிளாஸ்டிக் சுத்தி இருந்துச்சுன்னு உங்க அதிகாரி எழுதியிருக்கார். நாய் மோப்பம் பிடிச்ச பிறகு, நீளமான ஊசியால குத்திப் பார்த்துத்தான் உள்ள இருந்தது தெரிஞ்சுதாம். நாயும் ஊசியும் இருந்த உங்களுக்கே அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒருத்தர் டீ குடிச்சுட்டு உட்கார்ந்திருக்கார், ஒருத்தர் ஒரு முனையைப் பிடிச்சிருக்கார். இவங்களுக்கு எதால தெரிஞ்சிருக்கும்? அனுப்பினவன் இவங்ககூடப் பேசினதுக்கு ஏதாவது இருக்கா?"

"வண்டி வாடகை பேசினது மட்டும்தான்..."

"அனுப்பினவனைப் பிடிச்சீங்களா?"

"தேடிட்டிருக்கோம்."

"அது வரைக்கும் இவர் உள்ளேயே இருக்கணுமா? தம்பிக்கும் அண்ணனுக்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியல. வெளிய போனா மறுபடி பண்ணமாட்டார்னு நம்பறதுக்கு வழி இருக்கு. முன்னால வழக்கு இல்லை, நிலையான வீடு இருக்கு. வழக்கு முடியற வரைக்கும் வாடகைக்குச் சாமான் ஏத்தக் கூடாது. பிடிச்ச வண்டி பிடிச்ச இடத்துலயே இருக்கட்டும். தம்பியோட ஜாமீனும் அப்படியே இருக்கட்டும். இவருக்கும் தரேன்."

வக்கீலம்மா திரும்பிப் பெரியவளைப் பார்த்துத் தலையாட்டினார். பெரியவளுக்கு முதலில் புரியவில்லை. சின்னவள் வந்து தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் புரிந்தது. இந்தத் தடவை அவள் உருவிக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. அப்படியே விட்டு வைத்தாள்.

உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர்ந்து, முத்திரை விழுந்து, அவர் வெளியே வரும்போது வெயில் இறங்கிவிட்டது. பெரிய கதவில் இருக்கிற சின்னக் கதவு வழியாகக் குனிந்து வந்தார். குனிந்தவர் நிமிர நேரமானது. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. எதிரே மூன்று பேர் நின்றிருந்தார்கள். அவர் பார்வை முதலில் தம்பி மேல் விழுந்தது. அப்புறம் சின்னவளிடம், "நீயும் வந்தியாம்மா?" என்றார். கடைசியாகத்தான் பெரியவள்.

வரிசையில் கடைசி. அவள் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

"வக்கீலம்மா சொன்னாங்க" என்றார் அவர், பையை அவளிடம் நீட்டிக்கொண்டே. "கோர்ட்ல என்னைப் பத்தி நல்லா எடுத்துச் சொன்னியாமே."

"சொல்ல வேண்டியதைச் சொன்னேன்."

"எனக்குப் பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் வித்தியாசம் தெரியாதாமே."

"ஏன், தெரியுமா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அன்னைக்கு ஒரு நாள் சட்டையை எதுக்குள்ள வச்சேன்?"

"ஃபிரிட்ஜுக்குள்ள. முட்டைக்குப் பக்கத்துல."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலியோடு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தம்பி சிரித்தான். சின்னவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பையைத் தோளில் மாட்டி, அவர் சாய்கிற பக்கமாக வந்து நின்று, கையைத் தன் தோள்மேல் எடுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை பேரும் சிரித்தது தான் சொன்னதற்கு. மாடி வீட்டுக்காரி சொன்னதற்கு இல்லை.

"நடங்க" என்றாள். "மெதுவா. அவங்க முன்னால போகட்டும்."